மனுவின் மூன்றாவது பத்தியை அடித்துவிடுங்கள்

எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும், மூன்றாவது தெருவில் குடியிருக்கும் பழைய உறுப்பினர் ஒருத்தியின் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு மனு கையெழுத்துக்காகச் சுற்றி வந்தது. என் கைக்கு வரும்போது முப்பது பேருக்கு மேல் போட்டு முடித்திருந்தார்கள். செயலாளர் சார் பேனா மூடியைக் கழற்றியே கொடுத்தார். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்ததும், "எல்லாம் நம்ம பேசுனதுதான்க்கா, சும்மா போடுங்க" என்றார். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு ஒரு தடவை பட்டவள் நான். வேலையில் சேர்ந்த புதிதில் ஸ்டாக் கணக்கில் அப்படிப் போட்டு, குறைந்துபோன 4 டின் நல்லெண்ணெய்க்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்றிலிருந்து காகிதம் என்றால் கடைசி வரி வரை பார்த்துவிட்டுத்தான்.

மெயின் ரோட்டில் மூடிக் கிடக்கிற கல்யாண மண்டபத்தை ஒரு மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டுக்கு வாடகைக்கு விடப்போகிறார்களாம். அனுமதி தரக் கூடாது என்று மாநகராட்சிக்குப் போகிற மனு அது. முதல் பத்தியில் வண்டி நிறுத்த இடமில்லை, சரக்கு லாரி வந்தால் பள்ளி வேன் திரும்ப முடியாது என்று எழுதியிருந்தீர்கள். நியாயம். இரண்டாவது பத்தியில் மழைநீர் வாய்க்காலை ஏற்கெனவே பாதி மூடிவிட்டார்கள் என்று. அதுவும் நியாயம், போன ஐப்பசியில் என் வீட்டுப் படி வரை தண்ணீர் நின்றது. மூன்றாவது பத்தி இது:

"மேலும், இதுபோன்ற மலிவு விலைக் கடைகள் வருவதால் தரமற்ற கூட்டம் பெருகி, அமைதியும் கண்ணியமும் வாய்ந்த நமது நகரின் தரம் குறையும்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அக்காவுக்கு என்ன கோபம்?" என்று ரெண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி முடியாது. அதனால்தான் இந்த மடல்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காகிதப் பொட்டலம் மடிப்பதில் ஆரம்பித்து கம்ப்யூட்டர் பில்லில் முடித்தேன். மலிவுக் கடைக்கு யார் வருகிறார்கள், எப்படி வருகிறார்கள், வெளியே போகும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் கடைக்கு ஒரு டீச்சரம்மா வருவார். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள், மத்தியானம் 2 மணிக்கு, கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து. கையில் ஒரு பெரிய பட்டுச்சேலைக் கடையின் கட்டைப்பை இருக்கும். சாமான்களை எங்களை அடுக்க விடமாட்டார். உளுந்து, துவரம்பருப்பு, சீனி என்று எங்கள் கடைப் பெயர் அச்சடித்த பாக்கெட்டுகள் எல்லாம் அடியில் போகும், பெயர் உள்பக்கமாகத் திரும்பும். அதற்கு மேல் சோப்பு, பேஸ்ட். எல்லாவற்றுக்கும் மேலே மடித்த ஜாக்கெட் துணி ஒன்றை விரித்துப் பையின் வாயை மூடுவார். பார்ப்பவர்களுக்குச் சேலை எடுத்துவிட்டுப் போகிறார் என்றே தோன்றும். பில்லை நாலாக மடித்துப் பர்சுக்குள் வைப்பார்.

ஒரு நாள் பையின் காது அறுந்துவிட்டது. வாசற்படியில் பருப்புப் பாக்கெட் உடைந்து கொட்டியது. நான் முறத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் குனிந்து பருப்பைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது நிற்கிறார்களா என்று. அன்றைக்கு அவர் வாங்கிய சம்பளம் என் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும். என் வாடிக்கையாளர் ஒருவர் திருட்டுப் பொருள் கொண்டுபோகிறவரைப் போல நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவை இல்லை.

தீபாவளி வந்தால் அதே டீச்சரம்மா வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் 6 மணிக்கு வருவார். கூட்டுறவுப் பட்டாசு வாங்க. நம் மதுரைப் பாண்டியன் கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்டில் பட்டாசு வாங்க நிற்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் செயற்குழுவிலேயே வருஷா வருஷம் போகிறவர்கள் உண்டு. "வெளியில அந்த விலை, கூட்டுறவுல இந்த விலை" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார்கள். விவரமான ஆள் என்று பெயர் கிடைக்கும். பட்டாசில் மிச்சம் பிடித்தால் கெட்டிக்காரர், பருப்பில் மிச்சம் பிடித்தால் இல்லாதவர். இந்தக் கணக்கு எனக்கு 26 வருஷத்தில் பிடிபடவே இல்லை.

ஆடி மாதத் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடைகள் இருக்கிற விளக்குத்தூண் பக்கம் நடக்க முடியாது. கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவரும் சிரித்துக்கொண்டுதான் வருகிறார். அங்கே வருவது தரமான கூட்டமா, தரமற்ற கூட்டமா? யாரும் மனு போட்டதாகத் தெரியவில்லை.

சரி, மலிவு என்றால் மட்டம் என்கிற பேச்சுக்கு வருகிறேன். கூட்டத்தில் பொருளாளர் மேடம் சொன்னீர்கள், "கம்மி விலைக்குக் குடுக்குறான்னா எங்கயோ கை வைக்கிறான்னுதானே அர்த்தம்?" என்று. கேட்க வேண்டிய கேள்விதான். கலப்படத்தைக் கண்ணால் பார்த்த ஊர் இது.

பாக்கெட்டின் மேல் எம்ஆர்பி என்று ஒரு விலை அடித்திருக்கிறதே, அது அதிகபட்ச விலை. அதற்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். கீழே விற்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நம் ஆட்கள் அதைச் 'சரியான விலை' என்று வாசித்துப் பழகிவிட்டார்கள். அதனால் எம்ஆர்பிக்குக் கொடுப்பவர் நாணயமானவர், 8 ரூபாய் குறைத்துக் கொடுப்பவர் ஏதோ தில்லுமுல்லு செய்கிறவர் என்று ஆகிவிட்டது. ஒரே கம்பெனி சோப்பு, ஒரே தொகுப்பு எண், ஒரே மாதம் தயாரானது, ஒரு கடையில் 45, இன்னொரு கடையில் 39. இதில் சோப்பு எங்கே மட்டமானது? மாறியது கடைக்காரர் எடுத்துக்கொள்கிற லாபம்தான்.

அந்த லாபத்தைக் குறைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்கள் என்றால், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மும்பையில் 2002-ல் முதல் கடையைத் திறந்த டிமார்ட் நாடு முழுக்கக் கிளை விட்டது இப்படித்தான்: பல இடங்களில் கட்டடத்தைச் சொந்தமாக வாங்கிவிடுவது, சரக்குக் கொடுத்தவரை மாதக்கணக்கில் அலைய விடாமல் சில நாட்களிலேயே பணம் கொடுத்து அதற்குப் பதிலாக விலையைக் குறைத்து வாங்குவது, ஓடுகிற சரக்கை மட்டும் வைப்பது, லாபம் கொஞ்சமாக, யாவாரம் அதிகமாக. கீழமாசி வீதி மொத்தக் கடைக்காரர்களிடம் கேட்டால், "இத எங்க தாத்தா காலத்துலயே பண்ணிட்டோம்" என்பார்கள். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

என் தம்பி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே ஆல்டி என்று ஒரு ஜெர்மன் கடை. எஸ்ஸன் நகரத்தில் ஒரு அம்மா 1913-ல் ஆரம்பித்த சின்னக் கடையை மகன்கள் இரண்டு பேர் பெரிதாக்கியது. அந்தக் கடையில் தள்ளுவண்டியை எடுக்க ஒரு நாணயம் போட வேண்டும், திருப்பி விட்டால்தான் நாணயம் திரும்ப வரும். அதனால் வண்டிகளைப் பொறுக்கி அடுக்க ஒரு ஆள் தேவையில்லை. சரக்கை வந்த அட்டைப்பெட்டியோடு அப்படியே வைத்துவிடுவார்கள். பாக்கெட்டின் பல பக்கங்களில் பார்கோடு பெரிதாக அடித்திருக்கும், பில் போடுபவர் திருப்பித் திருப்பித் தேட வேண்டாம். (இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்தக் கோட்டைத் தேடித் தேடியே என் மணிக்கட்டு போனது.) இப்படி ஆள் கூலியிலும் நேரத்திலும் மிச்சம் பிடித்ததுதான் விலையில் குறைகிறது. 1990-ல் அந்தக் கடை இங்கிலாந்துக்கு வந்தபோது அங்கேயும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்களாம். அங்கே வாங்கிய சாமானை வேறு கடைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பற்றி அவளுடைய ஆஸ்பத்திரியில் இன்னமும் வேடிக்கையாகப் பேசுவார்களாம். கேட்டதும் எனக்கு டீச்சரம்மாவின் ஜாக்கெட் துணி ஞாபகம் வந்தது. 2022-ல் அந்தக் கடை இங்கிலாந்தின் நான்காவது பெரிய பலசரக்கு நிறுவனமாகிவிட்டது. இப்போது டாக்டர்களும் அங்கேதான் வாங்குகிறார்கள் என்கிறாள்.

கூட்டுறவுப் பயிற்சியில் எங்களை ஒரு கதையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதே இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், 1844-ல், 28 பேர் சேர்ந்து ஒரு கடை போட்டார்கள். அதில் நெசவாளிகள் நிறையப் பேர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. அந்தக் காலத்து வியாபாரிகள் மாவில் கண்டதையும் கலந்தார்கள், எடையில் அடித்தார்கள். அது பொறுக்காமல்தான் கடை திறந்தார்கள். நம் பக்கத்தில் 1904-ல் திருவல்லிக்கேணியில் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கமும் அதே வழிதான். ஆக, கூட்டுறவுக் கடை பிறந்ததே கலப்படத்தை எதிர்த்து. பொருளாளர் மேடம், கேள்வி கேட்டதற்காக உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பதில் இருக்கிறது என்று சொல்லத்தான் இத்தனையும்.

அதற்காக மலிவுக் கடைகளில் எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு வலை உண்டு. கால் லிட்டர் வாங்கப் போனவள் 5 லிட்டர் பினாயிலைத் தூக்கிக்கொண்டு வந்தேன், லாபமாம். ரெண்டு வருஷம் ஆகிறது, இன்னும் மொட்டைமாடிப் படிக்கு அடியில் அரை கேன் கிடக்கிறது. பெரிய பாக்கெட் எல்லாம் மலிவும் இல்லை. கிராமுக்கு எத்தனை பைசா என்று பாக்கெட்டிலேயே போட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது, பொடி எழுத்தாக இருந்தாலும் அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த மாதிரி குறைகளைச் சொல்லி மனு எழுதியிருந்தால் நான் கூட ரெண்டு வரி சேர்த்திருப்பேன்.

இப்போது தலைவர் ஐயாவிடம் ஒன்று. கோபித்துக்கொள்ளக் கூடாது. காலையில் 5.30 மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போவீர்கள். திரும்பி வந்து கீரைக்கட்டை எங்களிடம் காட்டி, "பத்து ரூபா, வெளியில இருபது" என்பீர்கள். 1999 நவம்பர் 14-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்த இடம் அது. விளைவித்தவரே அடையாள அட்டையோடு வந்து உட்கார்ந்து விற்க வேண்டும், இடைத்தரகர் கிடையாது, இடத்துக்கு வாடகை கிடையாது. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறை விலைக்குக் கீழே என்று அன்றன்றைக்கு விலை குறித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். அரசாங்கம் கைகொடுத்து நடத்துகிற மலிவு விலைக் கடைதானே அது? அங்கே ஜட்ஜ் வருகிறார், டாக்டர் வருகிறார், பையைத் தூக்கிக்கொண்டு நடைப்பயிற்சியையும் முடித்துக்கொண்டு போகிறார்கள். ஒருத்தருக்கும் கவுரவம் குறையவில்லை. அண்ணாநகர் மனையின் விலையும் அதனால் குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் அதே அரசாங்கத்தின் ரேஷன் கடை என்றால் நம் நகருக்கு ஆகாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சமுதாயக் கூடத்தின் கீழ்த்தளத்தில் பகுதி நேர ரேஷன் கடை வைக்க இடம் கேட்டு வந்தார்கள். யோகா வகுப்புக்கு இடம் போதாது என்று திருப்பி அனுப்பினீர்கள். அப்போதைய செயற்குழு என்று சொல்லலாம், ஆனால் நாற்காலியில் பாதிப் பேர் மாறவில்லை. யோகா வகுப்பு நாலு மாதத்தில் நின்றது. அந்த அறையில் இப்போது உடைந்த கேரம் போர்டும் பிள்ளையார் சதுர்த்தி ஷாமியானாவும் கிடக்கின்றன. நாங்கள் ரிங் ரோட்டைத் தாண்டி ரேஷனுக்குப் போகிறோம். லாரிகள் போகிற ரோடு. முழங்கால் வலிக்காரிகள் கையில் எண்ணெயும் பருப்புமாக நடுத்திட்டில் நின்று கை காட்டிக்கொண்டிருப்பதை ஒரு நாள் வந்து பாருங்கள்.

"நம்ம ஏரியாவுல யாரு ரேஷன் வாங்குறா?" என்று அன்றைக்கு ஒருவர் கேட்டார். 1997-ல் ஏழைகளுக்கு மட்டும் ரேஷன் என்று மத்திய அரசு பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மாட்டேன் என்று நின்றது. அதனால்தான் இங்கே இல்லாதவருக்கும் இருப்பவருக்கும் அட்டை உண்டு. அட்டை வைத்திருப்பவர்கள் 2 கோடிக்கு மேல். அரிசி 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதை எல்லாரும் வாங்கலாம் என்று இருப்பதால்தான் வாங்குகிறவரைப் பார்த்து "நீ ஏழை" என்று சொல்ல முடியாமல் இருந்தது. அந்த ஏற்பாட்டின் அழகே அதில்தான் இருக்கிறது. அதை நாம்தான் கெடுக்கிறோம். அட்டை வேண்டும், ஆனால் வரிசையில் நம் முகம் தெரியக் கூடாது. வேலைக்கார அம்மாவிடம் அட்டையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்வோம். இப்போது கைரேகை வைக்கச் சொல்வதால் அதுவும் முடியாமல் சில வீடுகளில் அலுத்துக்கொள்கிறார்கள். சீனி அட்டை வைத்திருந்தவர்கள் அரிசி அட்டைக்கு மாறிக்கொள்ளலாம் என்று 2019-ல் அரசு சொன்னபோது, நம் தெருவிலிருந்து யார் யார் மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். மாற்றியது தப்பும் இல்லை. அரிசி அட்டைக்குத்தான் பொங்கல் பணம் வந்தது, வாங்கினோம்.

எங்கள் தெருவில் ஒருவர் ரேஷன் அரிசியை முறத்தில் பரப்பி, வெள்ளையாகத் தெரிகிற அரிசியை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, பிளாஸ்டிக் அரிசியாம், போனில் வந்ததாம். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் திரும்பச் செய்தது, 100-க்கு 1 என்ற கணக்கில் கலந்திருந்தார்கள். இரத்தசோகைக்காக. அவர் மருமகளுக்கு அதே இரும்புச்சத்து மாத்திரையை மெடிக்கலில் 140 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதே அரிசியை 'ஊட்டம் சேர்த்தது' என்று பளபளப்பான டப்பாவில் அடைத்து 300 ரூபாய் போட்டிருந்தால் ஒரு மணியைக் கீழே விட்டிருக்க மாட்டார்.

மலிவாக வாங்குவதில் நம் யாருக்கும் வெட்கம் இல்லை. மலிவாக வாங்குவதை யார் பார்க்கிறார்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அதில்தான் எல்லாம். உழவர் சந்தையில் பக்கத்தில் ஜட்ஜ் நிற்கிறார், சரி. ரேஷன் கடையில் பக்கத்தில் ஓடைக்கரை ஆட்கள் நிற்கிறார்கள், அது ஆகாது.

அந்த மூன்றாவது பத்தியில் 'தரமற்ற கூட்டம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது யார்? பெயர் சொல்லட்டுமா? ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலை 6 மணிக்கு நம் நகருக்குள் இருபது பெண்களாவது வருகிறார்கள். நம் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குகிறார்கள், வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். போன வருஷம் தலைவர் ஐயா வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு மாதம் ராத்திரியும் பகலும் கூட இருந்து கவனித்தது அவர்களில் ஒருத்தி. அப்போதெல்லாம் நகரின் தரம் குறையவில்லை. அவளே சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, தன் காசில், நம் ரோட்டில் இருக்கும் கடைக்குள் நுழைந்து ஏசியில் நின்று பிஸ்கட் எடுத்தால் குறைந்துவிடும். வேலை செய்ய வரலாம், வாங்க வரக் கூடாது. நான் இதைக் கொஞ்சம் காரமாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. ஆனால் அந்த வரியைப் படித்துப் பார்த்தால் வேறு அர்த்தம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் சொல்லுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவையன்று தல்லாகுளத்தில் நம் சங்கத்தின் பெயரில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். பக்கத்துப் பந்தலில் தொன்னையில் பொங்கல் கொடுக்கிறார்கள், நாமும் கை நீட்டி வாங்கிச் சாப்பிடுகிறோம். முன்னால் யார், பின்னால் யார் என்று திரும்பிப் பார்க்கிறோமா? "அது பிரசாதம்" என்பீர்கள். சரி, விட்டுவிடுகிறேன்.

இனி அண்ணாச்சி கடை. இந்த இடத்தில்தான் எனக்கே மனசு தடுமாறுகிறது, அதை மறைக்கவில்லை. சூப்பர் மார்க்கெட் வந்தால் முதல் தெரு முனையில் இருக்கும் அண்ணாச்சி அடி வாங்குவார். உண்மை. மூட்டை கணக்கில் வாங்குகிறவரோடு லாரி கணக்கில் வாங்குகிறவர் போட்டி போட்டால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் அதிகாலையில் கருக்கலோடு டிவிஎஸ் 50-ல் கீழமாசி வீதிக்குப் போய், முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ரெண்டு மூட்டை என்று கட்டிக்கொண்டு வருகிறார். ராத்திரி 10 மணிக்குக் கதவைத் தட்டினாலும் ஒரு பாக்கெட் பால் கொடுக்கிறார். ஐந்து ரூபாய்க்குக் கடுகு கேட்டால் முகம் கோணாமல் மடித்துத் தருகிறார். முக்கியமாக, கணக்கு நோட்டில் எழுதிக்கொள்கிறார். எந்த மலிவு விலைக் கடையும் ஒன்றாம் தேதி வரை பொறுக்காது. இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசில்லாதவர்களுக்கு அண்ணாச்சி நோட்டுதான் வங்கி.

மனுவில் அண்ணாச்சிக்காக ஒரு வரி உண்டா என்று தேடினேன். இல்லை. மலிவால் தரம் குறையும் என்று கவலைப்பட்டவர்களுக்கு, மலிவால் ஒருவர் பிழைப்பு போகும் என்பது தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் இருக்கிறது. நம்மில் பலர் அண்ணாச்சி கடைக்குப் போயே வருஷக்கணக்காகிறது. போனைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் சாமான் வருகிறது, முதல் ஆர்டருக்குத் தள்ளுபடி வேறு. அந்தத் தள்ளுபடி யார் கண்ணிலும் படுவதில்லை, அதனால் அதற்கு மனு இல்லை. கரண்டு போன நேரத்தில் மெழுகுவத்திக்கும் சில்லறை மாற்றவும் மட்டும் அண்ணாச்சி. அவருடைய நோட்டை நான் ஒரு நாள் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை, பக்கம் திருப்பும்போது கண்ணில் பட்டது. ஓடைக்கரைப் பெயர்களுக்கு நேரே மாதா மாதம் 'வரவு' என்று இருக்கிறது. நிலுவை நீண்டு கிடப்பது மாடி வீட்டுப் பெயர்களில்.

அண்ணாச்சியிடமே கேட்டேன், "கடை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று. "நல்லெண்ணெய், தேங்கா, மாவு, நோட்டு, இது நாலும் அவங்ககிட்ட இருக்காது தாயி. பாப்போம்" என்றார். பயம் இல்லாமல் இல்லை, குரலில் தெரிந்தது. அவருக்காக நிஜமாகவே ஏதாவது செய்வதென்றால் பாக்கியைத் தீர்ப்பதில் ஆரம்பிக்கலாம். சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அரிசியும் வெல்லமும் எங்கே வாங்குகிறோம் என்று பொருளாளர் மேடம் கணக்கைப் பார்த்துச் சொல்லட்டும்.

மஞ்சப்பையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. என் சின்ன வயதில் மஞ்சப்பையோடு பஸ்ஸில் ஏறினால் பட்டிக்காடு என்று சிரிப்பார்கள். 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. இப்போது கல்யாண வீடுகளில் தாம்பூலத்தை மஞ்சப்பையில் போட்டுக் கொடுப்பது நாகரிகம். பை அதே பைதான். அந்த டீச்சரம்மா இப்போது எங்கே இருக்கிறாரோ, என்ன பையில் வாங்குகிறாரோ.

நான் கேட்பது அதிகமில்லை. முதல் இரண்டு பத்திகளை அப்படியே வையுங்கள், இன்னும் உறைக்கிற மாதிரி எழுதுங்கள். மண்டபத்துக்கு உள்ளேயே வண்டி நிறுத்த இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். பள்ளி வேன் வருகிற நேரத்தில் சரக்கு லாரி வரக் கூடாது என்று நிபந்தனை கேளுங்கள். வாய்க்காலைத் திறந்துவிட்டுத்தான் கடை திறக்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு முதல் ஆளாக என் கையெழுத்து, வேண்டுமென்றால் மாநகராட்சி அலுவலகத்துக்கும் கூட வருகிறேன், இந்த முழங்காலோடு. மூன்றாவது பத்தியை அடித்துவிடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களிடம் ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு அடியுங்கள். பலர் வாசிக்காமல் போட்டவர்கள், அவர்களுக்கே சங்கடமாக இருக்கும்.

சமுதாயக் கூடத்துக் கீழறைச் சாவி செயலாளர் சாரிடம்தான் இருக்கிறது. கேரம் போர்டை எடுத்துவிட்டால் வாரம் இரண்டு நாள் பகுதி நேர ரேஷன் கடைக்கு அந்த இடம் தாராளம். இதையும் அடுத்த கூட்டத்தின் பொருளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். அன்றைக்குத்தான் எங்கள் ரேஷன் கடையில் எண்ணெயும் பருப்பும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரிசையும் கைரேகையும் ரிங் ரோடும் தாண்டி வர வேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். வீட்டுக்குப் போகாமல் பையோடு நேரே வந்துவிடுகிறேன். வாசல் பக்கமாக ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது தெரு, சங்கத்தின் பழைய உறுப்பினர்